மாசி வீதியில் சித்திரைத் தேர்: திருவிழாவைப் பழைய மாதத்துக்கே திருப்பிவிடலாமா?

ஏப்ரல் 26, 2025 (வாசகர் ஒருவர் கேட்டது)

மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில்தான் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்று மதுரையில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அது ஒரு ராஜா போட்ட உத்தரவு, அவ்வளவுதானே? கத்திரி வெயிலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லட்சக்கணக்கான பேர் நிற்கிறோம். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் செத்தே போனார்கள். பேசாமல் மாசிக்கே திருப்பி வைத்துவிட்டால் என்ன? பழைய தேதிக்குப் போவதை யார் மரபு மீறல் என்று சொல்ல முடியும்?

ஏப்ரல் 26, இரவு

முதல் பாதி சரி. இரண்டாவது பாதி வம்பு. ஆனால் கேள்வி பிடித்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மதுரை தெரியாதவர்களுக்காக முதலில் வீதிக் கணக்கு. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதையும் சுற்றி மாசி வீதி. அதற்கப்புறம்தான் வெளி வீதி, பழைய கோட்டை இருந்த இடம். ஆடி முளைக்கொட்டு ஆடி வீதியில். புட்டுக்கு மண் சுமந்த கதை வரும் ஆவணி மூலத் திருவிழா ஆவணி மூல வீதியில். எல்லாம் பெயருக்கேற்ற மாதிரி. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் சாமி சுற்றுவது மாசி வீதி, தேர் ஓடுவது மாசி வீதி.

எங்கள் வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில். பத்து வயது வரை எனக்கு இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. தேர் என்றால் எங்கள் வீதியில்தான் வரும், வேறு எங்கே வரும்? திருச்சியில் இருந்து லீவுக்கு வந்த அத்தை மகன்தான் கேட்டான்: "சித்திரைத் திருவிழா, சித்திரை வீதின்னு ஒரு வீதியும் இருக்கு, அப்புறம் ஏன்டா மாசி வீதியில ஓடுது?" அப்பாவிடம் கேட்டேன். "தேர் பெருசு, அங்க நுழையாது" என்றார். அப்பத்தா அடுப்படியில் இருந்தே திருத்தினார்: "அது மாசித் திருவிழாடா. நாயக்கர்தான் தள்ளி வச்சாரு."

அதாவது, மாதம் நகர்ந்தது, வீதி நகரவில்லை. பெயர்ப்பலகை பழைய தேதியிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 27

நேற்று எழுதியதை அலுவலகத்துக்குப் போகும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அப்பா சொன்னதையும் அப்படித் தள்ளிவிட முடியாது. மாசி வீதி அகலம், சுற்றளவும் பெரிது. பெரிய தேருக்குப் பெரிய வீதி வேண்டும் என்பது ஒரு காரணம்தான். ஆனால் அதுவே முழுக் காரணமாக இருந்திருந்தால் அந்த வீதிக்குச் 'சித்திரைத் தேர் வீதி' என்றோ வேறு என்னவோ பெயர் வந்திருக்கும். மாசி என்று பெயர் வர மாசியில் ஒரு பெரிய திருவிழா அங்கே சுற்றியிருக்க வேண்டும். இப்போதும் மாசி மண்டல உற்சவம் என்று 48 நாள் திருவிழா கோயிலில் நடக்கிறது. கொடியேற்றம் எல்லாம் உண்டு. மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று தெரியாது. கல்யாணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சிய பந்தல் மாதிரி எனக்கு அது தோன்றும்.

ஏப்ரல் 29

இன்றைக்குக் கொடியேற்றம். சாயங்காலம் வீதியில் சாமி வருகிறது, அதனால் சுருக்கமாக.

திருப்பி மாசிக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். நம் ஊர்க் கணக்குப்படி சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஆவணியில் சொக்கருக்குப் பட்டாபிஷேகம். அம்மன் ஆட்சி நாலு மாதம், சாமி ஆட்சி எட்டு மாதம். மாசியிலேயே பட்டம் கட்டிவிட்டால் அம்மன் ஆட்சி ஆறு மாதமாகிவிடும். ஆளுக்குப் பாதி.

அம்மா உடனே ஆதரவு தெரிவித்தார்.

மே 1

திட்டு விழுந்திருக்கிறது, நியாயமான திட்டு. பின்னூட்டம் ஒன்றில் 'தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிற அழகர்' என்று எழுதிவிட்டேன். அழகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார்: "அது உங்க மதுரைக் கதை. கோயில் கதை அது இல்லை."

சரிதான். கோயில் சொல்லும் கதை மண்டூக முனிவருடையது. சுதபஸ் என்ற முனிவர் தண்ணீருக்குள் தவத்தில் இருக்கிறார். துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. தவளையாகப் போ என்று சாபம். அந்த முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் மலையில் இருந்து இறங்கி வைகைக்கு வருகிறார். இதில் மீனாட்சியும் இல்லை, கல்யாணமும் இல்லை, கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதும் இல்லை.

ஜனங்கள் சொல்லும் கதைதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. அண்ணன் சீர்வரிசையோடு புறப்பட்டார், வழியெல்லாம் மண்டகப்படியில் நின்று நின்று வந்ததில் நேரமாகிவிட்டது, ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது, ஊருக்குள் வராமல் அப்படியே வண்டியூர் போய்விட்டார். என் அப்பத்தா இதைச் சொல்லும்போது அழகர் பக்கம்தான் நிற்பார். "ஒரு ஆளு வர்றதுக்குள்ள அப்படி என்ன அவசரம் தாலி கட்ட?" என்பார்.

மே 3

சனிக்கிழமை. வண்டியை எடுத்துக்கொண்டு தேனூர் வரை போய் வந்தேன். சோழவந்தான் போகும் வழியில், வைகைக்கு வடகரையில் இருக்கும் ஊர். நாயக்கர் காலத்துக்கு முன்னால் அழகர் ஆற்றில் இறங்கியது இங்கேதான் என்பது வழக்கு. மலையில் இருந்து அலங்காநல்லூர் வழியாகத் தேனூர். அலங்காநல்லூருக்கே அழகருக்கு அலங்காரம் நடந்ததால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். ஊர்ப்பெயர்க் காரணங்களை நான் எப்போதும் பாதி விலைக்குத்தான் வாங்குவேன், ஆனால் இது அழகாக இருக்கிறது.

நாயக்கர் இரண்டு வேலை செய்ததாகச் சொல்கிறார்கள். மீனாட்சிக்கு மாதத்தை மாற்றினார். அழகருக்கு இடத்தை மாற்றினார். மாசியில் இருந்த கல்யாணம் சித்திரைக்கு வந்தது, தேனூரில் இறங்கியவர் மதுரைக்கு வந்தார். இருவரையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாயிற்று. அவர் ஆண்டது 1623-ல் இருந்து 1659 வரை. தலைநகரைத் திருச்சியில் இருந்து மதுரைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். தலைநகரையே தூக்கி வைத்தவருக்குத் திருவிழாவைத் தூக்கி வைப்பது பெரிய காரியமாக இருந்திருக்காது.

ஏன் மாற்றினார் என்பதற்கு மூன்று பதில் கேட்டிருக்கிறேன். சைவ வைணவச் சண்டையைத் தணிக்க. மாசியில் அறுவடை இருந்ததால் ஜனம் வரவில்லை, சித்திரையில் கையில் காசும் நேரமும் இருக்கும். மூன்றாவது, தேர் பெரிது, இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். அழகருக்குச் சித்திரைப் பௌர்ணமியில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வரும். ஆள் இருக்கும் இடத்துக்குத் தேரைக் கொண்டு போகிறார். ராஜாவுக்குள் ஒரு கல்யாண மண்டப மேனேஜர்.

தேனூர் டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டேன், மாசிக்கே மாற்றினால் என்ன என்று. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அம்மன் மாசிக்குப் போனா போகட்டும். அழகரை இங்க விட்ருங்க."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கேள்வி கேட்டவர் கவனிக்கவும். பழைய தேதிக்குப் போவதென்றால் பழைய இடத்துக்கும் போக வேண்டும். பாதி மட்டும் திருப்ப முடியாது.

மே 4

பெங்களூரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "தேதி மாற்றம் என்றதும் 2008 ஞாபகம் வரவில்லையா?"

வராமல் இருக்குமா. ஜனவரி 29, 2008-ல் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள்தான் என்று சட்டமன்றத்தில் சட்டம். ஆகஸ்ட் 23, 2011-ல் அந்தச் சட்டம் ரத்து, மறுபடி சித்திரை முதல் நாள். நடுவில் நாலு ஏப்ரல். எங்கள் வீட்டில் நாலு ஏப்ரலிலும் மாங்காய்ப் பச்சடி இருந்தது, வேப்பம்பூவும் இருந்தது. வாசலில் வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்கள். "சித்திரைத் திருநாள் வாழ்த்துகள்" என்று ஒருவர், "புத்தாண்டு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்ட இன்னொருவர். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், எப்படியும் விடுமுறை. அதனால் அலுவலகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை.

எது சரியான புத்தாண்டு என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் சங்கப் பாட்டு இருக்கிறது. நான் பார்ப்பது வேறு. தையில் ஏற்கெனவே பொங்கல் இருந்தது, பானை இருந்தது, கரும்பு இருந்தது. அந்த நாளுக்குப் புதிதாக ஒரு வேலையும் வரவில்லை, பெயர் மட்டும் கூடியது. சித்திரையில் இருந்து ஒரு பெயர் கழிந்தது, பச்சடி கழியவில்லை. நாயக்கர் செய்ததில் ஜனங்களுக்குப் புதிதாக ஒரு உறவுமுறை கிடைத்தது. அழகர் மச்சானானார்.

மே 4, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியது ரொம்ப வசதியான ஒப்பீடு. மூன்றரை வருஷத்தையும் நானூறு வருஷத்தையும் எதிரெதிரே வைத்திருக்கிறேன். நாயக்கர் மாற்றிய மூன்றாவது வருஷம் மதுரையில் என்ன பேசியிருப்பார்கள்? "இது என்ன கூத்து, கல்யாணம் மாசியில்தானே" என்று முணுமுணுத்த அப்பத்தாக்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். அதில் ஒருவர் குரல்தான் வழிவழியாக எங்கள் அடுப்படி வரை வந்திருக்கிறதோ என்னவோ.

மே 6

திருச்சிக்காரர் ஒருவர் கேட்கிறார், கோயில்களே தேதியை மாற்றுவதில்லையா என்று. அவர் ஊரிலேயே உண்டு. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி மார்கழியில் வருவதுதான் முறை. ஆனால் 19 வருஷத்துக்கு ஒரு முறை கார்த்திகையிலேயே வைத்துவிடுவார்கள், தைத் தேரோடு நாள் மோதும் என்பதால். கடைசியாக டிசம்பர் 14, 2021-ல் அப்படி நடந்தது. மற்ற பெருமாள் கோயில்களில் அது ஜனவரி 13, 2022. ஒரு மாத வித்தியாசம், யாரும் சட்டம் போடவில்லை, ஊரும் சண்டை போடவில்லை.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று வந்திருக்கிறது. உக்ரைனில் 2023-ல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7-ல் இருந்து டிசம்பர் 25-க்கு மாற்றினார்கள். அது ரஷ்யாவோடு ஒரே நாளில் கொண்டாட வேண்டாம் என்று விலகிப் போனது. நம் கதை பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே வாரத்தில் கொண்டாட வேண்டும் என்று நெருங்கி வந்தது. இரண்டையும் ஒரே கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் தேதி மாற்றம் பற்றி நிஜமாகவே கோர்ட்டு வரை போன விஷயம் 2019. நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 18. தேரோட்டமும் ஏப்ரல் 18. மறுநாள் அழகர். தேர்தலைத் தள்ளி வையுங்கள் என்று வழக்கு. திருவிழாவைத் தள்ளி வையுங்கள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை என்பதை இங்கே கோடிட்டுக் காட்டுகிறேன். கடைசியில் தேர்தல் தேதி மாறவில்லை, மதுரைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூட்டி இரவு எட்டு மணி வரை வாக்குப்பதிவு. நான் காலையில் வடம் பிடித்துவிட்டுச் சாயங்காலம் போய் ஓட்டுப் போட்டேன். உள்ளங்கையில் கயிறு அறுத்த எரிச்சல், விரலில் மை.

மே 8

இன்று கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். மாடி வீட்டு அத்தையும் கீழே வந்துவிட்டார், தனியாக மாற்ற மாட்டாராம். சொம்புத் தண்ணீர், மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் ஒரு தட்டில். டிவியில் மேளம் கெட்டியாக மாறியதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாற்றி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா கேட்ட முதல் கேள்வி: "காப்பி போடவா?"

2020 ஞாபகம் வந்தது. கொரோனா, திருவிழா கிடையாது. கல்யாணத்தை மட்டும் மே 4-ம் தேதி சில பட்டர்களை வைத்து நடத்தி இணையத்தில் காட்டினார்கள். வீடு வீடாகக் கயிறு மட்டும் அதே நிமிஷத்தில் மாறியது. திருவிழாவை நிறுத்த முடிந்தது, நாளைத் தள்ளிப்போட யாருக்கும் தோன்றவில்லை. வெயில், நெரிசல் என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தேதி கோயிலில் மட்டும் இல்லை, இந்தத் தட்டிலும் இருக்கிறது.

மே 9

தேர் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு வரும்.

முக்குத் திரும்பும்போதுதான் தேரைப் பார்க்க வேண்டும், நேர் வீதியில் ஓடுவதைப் பார்ப்பது ஒன்றும் இல்லை. வடத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை போடுகிறவர், வெற்று உடம்பு, தலையில் துண்டு. சக்கரம் அசைய ஆரம்பித்ததும் குனிந்து கட்டையைச் செருகுகிறார், கையை எடுக்கிறார். சக்கரம் கட்டை மேல் ஏறும்போது ஒரு கிறீச்சல், அப்புறம் மரம் கருகும் வாசம். அவ்வளவு பெரிய தேர் ஒரு முழம் திரும்புகிறது. மறுபடி குனிகிறார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் சாமியைப் பார்க்கவே இல்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகு அவர் எங்கள் சந்து முனையில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன், இதை மாசியில் வைத்தால் உங்களுக்கு நல்லதுதானே அண்ணே, வெயில் இல்லை. மோரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மாசியில அறுப்பு கெடக்கும். எவன் வருவான்?"

இதைப் படித்துவிட்டு நான் ஜோடித்து எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அவருக்கு மேலூர்ப் பக்கம், இன்னும் வயல் இருக்கிறது. வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்கள்தான். எங்களுக்கு மாசி என்றால் மார்ச், மார்ச் என்றால் கணக்கு முடிப்பு, பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. ஆக இரண்டு கட்சியும் வேறு வேறு காரணத்துக்காக மாசி வேண்டாம் என்கிறது.

மே 10

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன்.

ஏதோ ஒரு வருஷம் கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இரண்டு நாள் இடைவெளி இருந்தது, இந்த வருஷம் ஏன் நாலு நாள் என்று மாடி வீட்டு அத்தை கேட்டார். உட்கார்ந்து பழைய தேதிகளை எடுத்தேன். 2019: கல்யாணம் ஏப்ரல் 17, அழகர் 19. 2022: ஏப்ரல் 14, அழகர் 16. 2023: மே 2, அழகர் 5. 2024: ஏப்ரல் 21, அழகர் 23. இந்த வருஷம் மே 8, அழகர் 12. இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, நாலு.

காரணம் இதுதான். கல்யாணம் நட்சத்திரக் கணக்கு, உத்திரத்தில் தாலி. மறுநாள் அஸ்தத்தில் தேர், அதற்கு மறுநாள் சித்திரையில் தீர்த்தம். அழகருக்கு நட்சத்திரம் கணக்கில்லை, பௌர்ணமிதான் கணக்கு. சித்திரை மாதத் தொடக்கத்திலேயே பௌர்ணமி வந்தால் சந்திரன் சித்திரை நட்சத்திரத்தில் இருக்கும். உத்திரம், அஸ்தம், சித்திரை, ஆக இரண்டு நாள். பௌர்ணமி மாதக் கடைசியில் வந்தால் சூரியன் மேஷத்தின் கடைசிக்குப் போயிருக்கும், எதிரே இருக்க வேண்டிய சந்திரனும் சித்திரையைத் தாண்டி, சுவாதியைத் தாண்டி விசாகத்துக்குப் போயிருக்கும். இந்த வருஷம் பௌர்ணமி சித்திரை 29. அதனால் நாலு நாள். 2022-ல் சித்திரை 3, இரண்டே நாள். போட்டுப் பாருங்கள், மேலே உள்ள ஐந்து வருஷத்துக்கும் பொருந்துகிறது.

அதாவது இரண்டு திருவிழாவையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்து வைத்தவர்கள் இரண்டின் பஞ்சாங்கக் கணக்கையும் ஒன்றாக்கவில்லை. மீனாட்சிக்கு ஒரு முறை, அழகருக்கு ஒரு முறை. அதனால் நடுவில் எப்போதும் ஒரு சந்து. சில வருஷம் குறுகல், சில வருஷம் அகலம். அந்தச் சந்தில்தான் ஜனங்கள் கதையை வைத்திருக்கிறார்கள். அண்ணன் லேட்டு. அண்ணனுக்குக் கோபம். ஒரே நாளில் வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு ராத்திரியாக இதை விட்டு வெளியே வர முடியவில்லை.

அப்பத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவசரப்பட்டுத் தாலி கட்டவில்லை அப்பத்தா, உத்திரம் முடிந்துவிடும்.

மே 12

ஆற்றில் இறங்கியாயிற்று. கோரிப்பாளையத்தில் ஒரு செருப்பை விட்டேன், திரும்பி வரும்போது இன்னொன்றையும் விட்டுவிட்டு வந்தேன், ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது. தோல் பையில் இருந்து தண்ணீர் பீய்ச்சும் ஒரு பையன், பத்து வயது இருக்கும், அழகரை விட்டுவிட்டு என் முகத்துக்கே குறி வைத்தான். வைகையில் ஓடியது அணையில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. நெரிசல் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இன்று பாலத்துப் பக்கம் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் கால் தரையில் இல்லை, கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. பயந்துவிட்டேன். ஆனால் மாசியில் வைத்தாலும் இதே பாலம், இதே கூட்டம்தான். வழி விடுவதையும் தடுப்பு வைப்பதையும் மாற்றினால் கூட்டம் மாறும், மாதத்தை மாற்றினால் மாறாது.

மே 13

ஒரு திருத்தம். 'தேனூரில் இருந்து மதுரைக்கு இடம் மாறினார்' என்று எழுதியிருந்தேன். தேனூரை முழுசாக விட்டுவிட்டார்கள் என்பது போல் வந்துவிட்டது. இன்றைக்கு வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்குப் பெயரே தேனூர் மண்டபம். கருட வாகனத்தில் அழகர் அங்கேதான் எழுந்தருளுகிறார். மாசி வீதி மாதிரியே. ஊரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அழகர் இறங்குவதற்கு மதுரை மட்டும்தான் இடம் என்றும் நினைக்க வேண்டாம். சோழவந்தான், மானாமதுரை, பரமக்குடி என்று வைகை போகிற வழியில் அந்தந்த ஊர்ப் பெருமாள் அந்தந்த ஊரில் ஆற்றில் இறங்குகிறார். பரமக்குடிக்காரர் ஒருவர் காலையில் இருந்து இதைத்தான் மூன்று முறை எழுதியிருக்கிறார். பார்த்துவிட்டேன் ஐயா.

மே 17

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மாசி யோசனையைக் கைவிடவில்லையாம், ஆனால் அம்மன் ஆட்சி ஆறு மாதம் ஆவது அவர் வீட்டில் பிரச்சினையாகும் என்கிறார். அழகரைத் தேனூருக்கே விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனசில்லை. அப்புறம் எதை வைத்து வாதாடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்டதற்கு நன்றி.

பெங்களூரு அண்ணன் அடுத்த வருஷத் தேதி கேட்டிருந்தார், டிக்கெட் போட வேண்டுமாம். 2026-ல் சித்திரைப் பௌர்ணமி மே 1, சித்திரை 18. சந்திரன் சுவாதியில். என் கணக்குப்படி அழகர் மூன்று நாள் லேட்டு. அப்படியானால் கல்யாணம் ஏப்ரல் 28, தேர் 29. கோயில் பத்திரிகை வந்ததும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, ஏப்ரல் 27 ராத்திரி வண்டிக்குப் போடுங்கள் அண்ணே. திரும்புவதற்கு மே 1 வேண்டாம், அன்றைக்குக் கோரிப்பாளையம் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்து சேர முடியாது. செருப்பு பழசாகப் போட்டு வரவும்.